புகையிலையும் உறங்கும் வைரஸ்களும்: செய்தியை எடைபோடுவது எப்படி, வாயைப் பார்ப்பது எப்படி

மெல்லும் புகையிலையில் உள்ள வேதிப்பொருள்கள் உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸ்களைத் தட்டி எழுப்புகின்றன என்றும், எழுந்த வைரஸ் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்றும் சொல்லும் செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க்கொண்டிருக்கிறது. அதைப் படித்தவர்களில் ஒரு சாரார் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இன்னொரு சாரார் தமக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். இரண்டுமே ஆளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். மதுரையிலும் உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், திண்டுக்கல் பக்கத்து ஊர்களிலும் வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடுபவரோ உதட்டுக்கடியில் தூள் அடக்குபவரோ இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆகவே அந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை என்று பிரித்துப் பார்ப்பதற்கும், பார்த்தபின் வீட்டில் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்த வைரஸ் என்று கேளுங்கள்

'வைரஸ்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் செய்தியை அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும், ஏனெனில் எல்லா வைரஸும் ஒரே மாதிரி உறங்குவதில்லை. வாயோடும் தொண்டையோடும் தொடர்புடையவையாகப் பேசப்படுபவற்றில் முதன்மையானது எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வந்த ஒருவகைப் புற்றுக்கட்டியில் 1964-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸ், உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதில் எச்சில் வழியாக வந்து, ரத்தத்தின் பி வகை வெள்ளணுக்களில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் பின்பகுதியில் வரும் புற்று, சிலவகை நிணநீர்ப் புற்று, இரைப்பைப் புற்றில் ஒரு பகுதி ஆகியவற்றில் இதற்குப் பங்கு உண்டு. 1994-இல் கண்டறியப்பட்ட கபோசி சார்கோமா வைரஸும் இதே குடும்பம்தான். உதட்டோரம் கொப்புளமாக வந்து போகும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முகத்து நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து அவ்வப்போது வெளிவருகிறது. 'உறங்கி விழிக்கும் வைரஸ்' என்பது இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

மனித பாப்பிலோமா வைரஸுக்கு அது சரியாகப் பொருந்தாது. எச்.பி.வி. எனப்படும் இது தோலடுக்கின் அடிச் செல்களிலேயே பல ஆண்டுகள் நிலைத்திருந்து, கட்டி வளராமல் காக்கும் இரண்டு புரதங்களைத் தன் புரதங்களால் முடக்கிப் புற்றுநோய்க்கு வழிவிடுகிறது. பல வேளைகளில் புற்றான செல்லில் இந்த வைரஸின் மரபணுத் துண்டு செல்லின் மரபணுவோடேயே ஒட்டிப்போயிருக்கும், புதிய வைரஸ் ஏதும் அங்கே உற்பத்தியாவதில்லை. ஆகவே எச்.பி.வி.யைப் புகையிலை 'எழுப்பியது' என்று எழுதியிருந்தால், எழுதியவர் இரு வேறு நடைமுறைகளைக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். மேலும் இந்த வைரஸ் வாய்ப்பகுதியில் பெரிதும் தாக்குவது டான்சிலையும் நாக்கின் அடிப்பகுதியையும்தான், புகையிலை மெல்லுபவருக்குப் புற்று வருவதோ பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றோரத்திலும்.

அடுத்து, சோதனை எதில் நடந்தது என்று பாருங்கள்

ஒரு வேதிப்பொருளால் உறங்கும் வைரஸை எழுப்ப முடியுமா என்றால், முடியும். அதற்கு ஆய்வுக்கூடத்தில் நன்கு நிறுவப்பட்ட சான்று உண்டு. சித்த மருந்துக் கடைகளில் பேதி மருந்துச் சரக்காகக் கிடைக்கும் நேர்வாளத்தின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட டி.பி.ஏ. என்னும் பொருள், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தங்கியுள்ள செல்களில் அந்த வைரஸை விழிக்கச் செய்கிறது என்று 1978-இல் ஹெரால்டு சூர் ஹாசனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டனர். கருப்பைவாய்ப் புற்றுக்கு எச்.பி.வி. காரணம் என்று காட்டியதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. செல்லுக்குள் ஒரு நொதி தூண்டப்படுகிறது, அதன் விளைவாக வைரஸின் முதல் விசைப் புரதம் உற்பத்தியாகிறது, அதன்பின் மற்ற மரபணுக்கள் வரிசையாக வேலைசெய்யத் தொடங்குகின்றன. நம் தோட்ட வேலிகளில் நிற்கும் திருகுக்கள்ளியின் பாலுக்கும் இதே ஆற்றல் உண்டு என்பதும், ஆப்பிரிக்காவில் அந்தக் கள்ளி மண்டிய பகுதிகளில் இந்த வைரஸ் தொடர்பான நிணநீர்ப் புற்று மிகுதியாகக் காணப்பட்டதும், இந்தத் துறையில் நீண்டகாலமாகப் பேசப்படுபவை.

ஆனால் செல்வளர்ப்புத் தட்டில் நடப்பதற்கும் வாய்க்குள் நடப்பதற்கும் இடையே தூரம் அதிகம். புகையிலைச் சாறு வைரஸை எழுப்பியது என்று ஒரு செய்தி சொன்னால், சாற்றின் அளவு மெல்லுபவரின் எச்சிலில் இருக்கக்கூடிய அளவுதானா, செல்கள் வாயின் தோலிலிருந்து எடுத்தவையா அல்லது பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடத்திலேயே வளர்க்கப்படும் புற்றுச் செல்களா, விழித்தது என்று சொல்லப்படுவது ஒரே ஒரு புரதமா அல்லது முழு வைரஸும் வெளிவந்ததா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்படும் 'ராஜி' என்னும் புகழ்பெற்ற புற்றுச் செல் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறது, டி.பி.ஏ. போட்டால் தொடக்கநிலைப் புரதம் தோன்றுகிறது, ஆயினும் அது முழு வைரஸை உற்பத்தி செய்வதில்லை. அதில் கிடைத்த விடையை 'வைரஸ் பெருகியது' என்று எழுதுவது மிகை.

இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு, எனக்கு இந்தத் துறையில் மிகவும் சுவையாகப் படுவதும் அதுதான். சுவீடன் ஆய்வாளர்கள் 1984-இல் மூக்குப்பொடி போன்ற புகையிலைத் தூளின் நீர்ச் சாற்றை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸோடு சேர்த்துப் பார்த்தபோது, சாறு அந்த வைரஸின் பெருக்கத்தைத் தடுத்தது. அதாவது எழுப்பவில்லை, அடக்கியது. இதைப் படித்தவர் புகையிலை நல்லதுதான் என்று கிளம்பிவிடக் கூடாது, ஏனெனில் அமெரிக்காவில் 1986-இல் வெளியான வேறொரு ஆய்வில், வெள்ளெலி இனத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் அதே வைரஸைத் தொற்றவைத்து, அங்கேயே புகையிலைத் தூளையும் திரும்பத் திரும்ப வைத்தபோது, தனித்தனியே வைத்தபோது வராத புற்று இரண்டும் சேர்ந்தபோது வந்தது. வைரஸ் முழுமையாகப் பெருகினால் அது குடியிருக்கும் செல் வெடித்து இறந்துவிடுகிறது. பெருக்கம் பாதியில் நின்றாலோ மரபணு சிதைந்த செல் உயிரோடு மிஞ்சுகிறது, ஆபத்து அந்தச் செல்லில்தான் இருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. வைரஸ் விழித்தால் புற்று, உறங்கினால் நலம் என்று நேர்க்கோடு போட முடியாததற்கு இதுவே காரணம். எப்ஸ்டீன்-பார் தொடர்பான புற்றுக்கட்டிகளிலும் பெரும்பாலான செல்களில் வைரஸ் உறங்கும் நிலையிலேயே இருக்கிறது.

மனிதரிடம் பார்த்த ஆய்வுகளில், சீனாவின் தென்பகுதியில் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஒன்று கவனிக்கத்தக்கது. சிகரெட் புகைப்பவர்களிடம் எப்ஸ்டீன்-பார் வைரஸ் விழித்திருப்பதைக் காட்டும் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) கூடுதலாக இருந்ததையும், சிகரெட் புகைச் சாறு செல்களில் அந்த வைரஸைத் தூண்டியதையும் அது ஒருசேரக் காட்டியது. அது புகைப்பதைப் பற்றியது, மெல்லுவதைப் பற்றியது அன்று. மெல்லுபவரிடம் இதைப் பார்ப்பது இன்னும் கடினம். அவர் பீடியும் புகைப்பார், மது அருந்துவார், ஈறும் கெட்டிருக்கும். ஈறு நோயை உண்டாக்கும் ஒரு நுண்ணுயிர் வெளியிடும் பியூட்ரிக் அமிலமே எப்ஸ்டீன்-பார் வைரஸை எழுப்பக்கூடியது என்று ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள். எச்சிலில் வைரஸ் கூடுதலாக இருந்தால் அதற்குக் காரணம் புகையிலையா, ஈறா என்று பிரித்துச் சொல்லாத ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குற்றத்தின் வரிசையை மாற்றாதீர்கள்

இவ்வளவும் பார்த்தபின் நான் வந்து நிற்கும் இடம் இது: வைரஸ் உடந்தையாக இருக்கலாம், சில இடங்களில் இருக்கவும் கூடும், ஆனால் முதல் குற்றவாளி புகையிலைதான். அதற்கு எந்த வைரஸின் துணையும் தேவையில்லை. வைரஸைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது, வீட்டுக்குத் தீ வைத்தவனை விட்டுவிட்டுக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

மெல்லும் புகையிலைக்குப் பெயர்போனது திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதி. அறுத்த இலையை வெயிலில் உலர்த்தி, குவித்து அடுக்கிப் புழுங்கவிடும்போது, இலையில் உள்ள நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது நிகோடினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து, புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களாகிறது. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் உள்ளவை. என்.என்.என். கலந்த நீரைக் குடித்த எலிகளுக்கு வாயில் கட்டி வந்திருக்கிறது, அதற்கு எந்த வைரஸையும் யாரும் சேர்க்கவில்லை. சுண்ணாம்பு சேரும்போது வாயின் காரத்தன்மை கூடி, நிகோடின் தோல் வழியாக விரைந்து உள்ளே போகிறது. பழக்கம் விடாமல் பிடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். மெல்லும் புகையிலை வாய், உணவுக்குழாய், கணையம் ஆகிய மூன்றிலும் புற்றை உண்டாக்குகிறது என்று மேற்சொன்ன பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 21.4 பேர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள்.

புகையிலை இல்லாத வெறும் பாக்கும் அதே முதல் பிரிவில்தான் இருக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதற்குள் மடிக்கப்படுவதில்தான் வருத்தம்.

வாயைப் பார்க்கும் முறை

வைரஸ் பரிசோதனைக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, கைப்பேசியின் விளக்கை எடுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்ததாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. இது 2005-இல் வெளியிடப்பட்டது. விலையுயர்ந்த கருவி ஏதும் அதில் இல்லை. வீட்டில் நாம் பார்ப்பது பயிற்சி பெற்றவர் பார்ப்பதற்கு ஈடாகாது என்றாலும், யாரை உடனே அழைத்துப் போக வேண்டும் என்று அறிய அது போதும்.

பகல் வெளிச்சத்தில், வாசலிலோ திண்ணையிலோ உட்காரவைத்து, வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பக்கம் அடக்குகிறார் என்பது. ஒவ்வொருவருக்கும் பழகிய ஒரு பக்கம் இருக்கும், அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். கன்னத்தைச் சுட்டுவிரலால் வெளிப்புறமாக இழுத்து, ஈற்றுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் கடைசிவரை விளக்கை ஓட்டுங்கள். உதடுகளை மடித்துப் பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள், பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தளத்தையும், தலையைச் சாய்க்கச் சொல்லி அண்ணத்தையும் பாருங்கள். கடைசியாகத் தாடைக்கடியிலும் கழுத்தின் இருபுறமும் விரல்களால் மெல்லத் தடவி, கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மாட்டுத்தாவணியில் சுமை தூக்கும் ஓர் இளைஞரின் கீழுதட்டை அப்படி மடித்துப் பார்த்திருக்கிறேன். முன்பற்களுக்கு நேர் கீழே, தூள் அடங்கும் அந்தக் கட்டைவிரல் அகல இடத்தில் மட்டும் தோல் வெளுத்து, குறுக்கே வரிவரியாகச் சுருங்கியிருந்தது. அங்கே ஈறு இறங்கி இரண்டு பற்களின் வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, அதே உதட்டில், தோல் இளஞ்சிவப்பாக, ஈரமாக, எந்தக் கோளாறும் இல்லாமல் இருந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் அவருடைய எச்சிலில் இருந்திருந்தால் அது அந்த உதடு முழுவதையும்தான் நனைத்திருக்கும். மாற்றமோ பொட்டலம் இருந்த இடத்தோடு எல்லை கட்டி நின்றது.

வயதானவர்களிடம் புற்று என்ற சொல்லை எடுத்தாலே வாயை இறுக்கிக்கொள்வார்கள். "அப்பத்தா, பல்லு ஆடுதுன்னீங்கள்ல, வாயக் கொஞ்சம் தொறங்க பாப்போம்" என்று பல்லை வைத்துத் தொடங்கினால் திறப்பார்கள். பார்த்துக்கொண்டே, குழம்பு உறைப்பாக இருந்தால் வாய் எரிகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, காரணமின்றி ஆடும் பல், விழுங்கும்போது வலி, கழுத்தில் கெட்டியான கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சிவப்புத் திட்டு வெள்ளையைவிடக் கூடுதல் கவலைக்குரியது. தம் மூன்று விரல்களை அடுக்கிச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாதவருக்கு, பாக்கினால் வரும் உள்தோல் இறுக்க நோய் தொடங்கியிருக்கக்கூடும். அதுவும் புற்றுக்கு முந்தைய நிலைகளில் ஒன்றே.

எங்கே போவது, எந்தப் பரிசோதனை வேண்டாம்

அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே உண்டு. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவிலும் காட்டலாம், புற்று என்று உறுதியானவர்களுக்குப் பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் முடிவு சொல்லும் பரிசோதனை. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு அதைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய பிறகு வருபவர்களே அதிகம்.

எப்ஸ்டீன்-பார் அல்லது ஹெர்பிஸ் எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை, புகையிலை போடுபவருக்கு ஆபத்து எவ்வளவு என்று அறிய உதவாது. வளர்ந்த எவரிடம் பார்த்தாலும் எப்ஸ்டீன்-பார் 'இருக்கிறது' என்றே பெரும்பாலும் வரும், நலமாக உள்ளவர்களின் எச்சிலிலும் அந்த வைரஸ் அவ்வப்போது வந்து போகும். வைரஸ் பரிசோதனைக்கு இடம் வருவது, கட்டி என்று உறுதியான பிறகு, அதுவும் டான்சில், நாக்கின் அடிப்பகுதி, மூக்கின் பின்பகுதி போன்ற இடங்களில். அப்போது எடுத்த துண்டிலேயே நோயியல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது, புகையிலையின் நைட்ரோசமைன்களிலிருந்தும் காக்காது. அதைப் போடுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு.

விடும் முறை

புகையிலை கலந்த குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 முதல் தடைசெய்யப்பட்டிருக்கின்றன, கேட்கத் தெரிந்தவருக்குக் கடையில் கிடைக்கவும் செய்கின்றன. 'கூல் லிப்' என்னும் சிறு பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் புழங்குவதைப் பற்றி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-இல் விசாரித்தது. பிள்ளைகளின் பைக்குள் தேநீர்ப் பைபோன்ற வெள்ளைத் துணுக்குகளைக் கண்டால் அது மிட்டாய் அன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விடுபவர் முதலில், எந்தெந்த நேரத்தில் கை பையைத் தேடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்குப் பின், தேநீருக்குப் பின், இரவு வேலையில் கண் சொக்கும்போது என்று அது மூன்று நான்கு நேரத்துக்குள் அடங்கும். அந்த நேரங்களில் வாய்க்குச் சோம்போ ஏலக்காயோ கொடுக்கலாம், பாக்கு மட்டும் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும், பிறகு சில வாரங்களில் தணியும். வீட்டார் அந்த நாள்களில் அவரிடம் கணக்கு வழக்குப் பேசாமல் இருப்பது நல்லது. மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கத்தை, காரம் நாவில் தெரியும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்தோரம் ஒதுக்கிவைத்து, சுவை போனதும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குச் சற்று முன்போ உடனோ தேநீர், காபி குடித்தால் அது வேலை செய்யாது. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்கு எந்தக் கைப்பேசியிலிருந்தும் கட்டணமின்றிப் பேசலாம். கூச்சப்படுபவர்களுக்கு, முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது எளிதாக இருக்கிறது.

தூள் அடக்கிய இடத்தில் இருந்த வெளுப்பும் சுருக்கமும், விட்ட பிறகு பல வேளைகளில் சில வாரங்களிலேயே மங்கிவிடும். அந்த இடத்தைப் பழக்கத்தை விட்ட நாளில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் மறுபடம் எடுத்து ஒப்பிடுங்கள். ஆறு வாரம் கழிந்தும் மங்காத படலத்தையும், இடையில் சிவந்தோ தடித்தோ புண்ணாகியோ மாறிய படலத்தையும், அந்தப் படங்களோடு பல் மருத்துவரிடம் காட்டி, பயாப்சி வேண்டுமா என்று நேராகவே கேளுங்கள்.